கரிசலுக்கு அடியில் இருக்கும் பாறை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் கரிசல் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புச் சுக்கான், அதன் கீழே சிதைந்த பாறை, பிறகு கெட்டிப் பாறை என்பது பொதுவான வரிசை. எது எத்தனை அடியில் தொடங்கும் என்பது புஞ்சைக்குப் புஞ்சை மாறும். தண்ணீர் நிற்பது சிதைந்த பாறையிலும் கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும்தான். ஆகவே இங்கே கிணற்றுக்கு இடம் குறிப்பதென்றால் கண்ணில் படாத அடுக்குகளை ஊகிக்க வேண்டும்.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் குறித்து ராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதிய நூலை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1883-இல் வெளியிட்டது. அக்காலத்தில் இத்தகைய ஆய்வுக்கு ஆதாரம் வெளியே தெரியும் பாறைகளும், ஓடைக்கரைகளும், வெட்டிய கிணறுகளுமே. கரிசல் மூடிய பரப்பில் இரண்டு பாறைத் திட்டுகளை இணைத்துப் போடும் கோடு ஊகமே.

ஊர்க்காரர்கள் கிணறுகளைக் கொண்டே நிலத்தை அறிந்தார்கள். மண்ணும் சுக்கானும் கடப்பாரைக்கு இளகும். பாறை வந்துவிட்டால் தமர் என்னும் துளை அடித்து, மருந்து கெட்டித்து வெடி வைக்க வேண்டும். பக்கத்துக் கிணற்றில் எத்தனை அடியில், எந்தத் திசையிலிருந்து ஊற்று வந்தது என்று கேட்டே அடுத்த கிணற்றுக்கு இடம் பார்த்தார்கள். அப்படியும் கடன் வாங்கி வெட்டிய கிணறு வறண்டுபோய்ச் சம்சாரி என்னும் விவசாயி நொடித்துப்போவது உண்டு. வேப்பங்கவட்டையைப் பிடித்து நீரோட்டம் பார்த்தவர் நம்பிக்கை தந்தார். அது எந்த அளவுக்குத் தவறக்கூடும் என்ற கணக்கு அவரிடம் இல்லை.

அமெரிக்கரான பிராங்க் வென்னர் 1915-இல் விளக்கிய மின்தடை முறை பின்னர் நீர் தேடவும் பயன்பட்டது. நான்கு கம்பிகளைத் தரையில் ஒரே வரிசையில் அடித்து, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். கம்பிகளை விரித்துக்கொண்டே போனால் அளவீடு ஆழத்துக்கு எட்டும். ஆனால் மெல்லியதாயினும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் அடுக்கும், தடிமனாக இருந்து குறைவாகக் கடத்தும் அடுக்கும் ஏறக்குறைய ஒரே வளைகோட்டைத் தரக்கூடும். அளவீடு சரியாக இருந்தும் விடை ஒன்றுக்கு மேற்பட்டதாகிறது.

இத்தகைய ஐயத்தை எண்ணாக அளக்கும் வழி வேறிடத்தில் பிறந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக டேனி கிரிக் 1951-இல் தொடங்கிய கணக்கை ஜார்ஜ் மாத்தரான் 1960-களில் கோட்பாடாக்கினார். சோதனைத் துளைகளுக்கு இடைப்பட்ட இடத்துக்கு மதிப்பீட்டையும் அதன் பிழை அளவையும் அது சேர்த்தே தரும். 2012-இல் ஃப்ளோரியன் வெல்மனும் கிளவுஸ் ரெகனவர்-லீபும், கிளாட் ஷானன் 1948-இல் வகுத்த, நிச்சயமின்மையை அளக்கும் தகவல் என்ட்ரோபியை முப்பரிமாண நிலவியல் மாதிரிகளுக்குப் பயன்படுத்தினர். தரவுகளைப் பிழை வரம்புக்குள் மாற்றிப் பல மாதிரிகள் கட்டி, நிலத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதே முறை. நூறு மாதிரிகளும் கெட்டிப் பாறை என்றால் என்ட்ரோபி 0. ஐம்பது சிதைந்த பாறை, ஐம்பது கெட்டிப் பாறை என்றால் 1 பிட்.

கரிசல் நிலத்துக்கு இப்படி மாதிரி கட்டினால், அடுக்குகள் கண்ணால் பார்க்கப்பட்ட கிணற்றை ஒட்டி இந்த எண் குறையும், கிணறுகளுக்கு நடுவே ஏறும். அடுத்த சோதனைத் துளையை எங்கே போட்டால் அறிவு கூடும் என்று அது காட்டும். கடனுக்குத் துணியும் சம்சாரிக்கு முதலில் காட்ட வேண்டிய எண் இதுவே. ஆனால் மாதிரியின் கட்டத்தைவிடக் குறுகிய வெடிப்பு அதில் தனியாக இடம்பெறாது. கெட்டிப் பாறை என்று நூறு மாதிரிகளும் ஒத்துச் சொல்லும் இடத்திலும், ஊற்று உண்டா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் விடை இல்லை.