வரி ரசீதில் ஒரு நூலகம்

ஆம்பூர், வேலூர்ப் பக்கமா நீங்கள்? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதற்குள்ளேயே நூலக வரியும் இருக்கிறது. ரூபாய்க்குப் பத்து பைசா. வாடகை வீடா? கவலையே வேண்டாம், வாடகையோடு சேர்த்து அதையும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தோல் ஷாப், ஷூ கம்பெனிக் கட்டடங்களுக்கும் இது உண்டு.

இந்தப் பைசா லேசில் வந்ததல்ல. நூலகம் யாரோ ஒரு தனவந்தரின் தயவில் நடக்கக் கூடாது, சட்டப்படி நடக்கணும் என்று பிடிவாதம் பிடித்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1933ல் பஷீர் அகமது சையது சென்னை சட்டமன்றத்துக்கு ஒரு நூலக மசோதாவைக் கொண்டுபோனார். நிறைவேறவில்லை. 1948ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோதுதான் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது! அன்றைக்கு வரி, ரூபாய்க்கு அரையணா.

அதற்கும் முன்னால், 1931லேயே, மன்னார்குடிப் பக்கம் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பொழுதுக்கும் வயலில் நிற்கிறவன் நூலகத்துக்கு எப்போ வருவான்? வண்டிதானே அவனிடம் போகணும்!

நம்ம ஊர் வயல், ஷூ கம்பெனி. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஊர் திரும்புகிற பெண்கள் எந்த நேரத்தில் புத்தகம் எடுப்பார்கள்? உங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் சேருங்கள். நேரத்தைக் கேளுங்கள். உருதுப் புத்தகங்களையும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், ரசீது உங்கள் கையில்தானே இருக்கிறது?