லாக் இன்: கடலில் விழுந்த கட்டை

கணினியில் 'லாக் இன்' செய்கிறோமே, அந்த 'லாக்' உண்மையில் ஒரு மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அறிய ஐரோப்பிய மாலுமிகள் கடலில் வீசிய கட்டை. 1574-இல் வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் தன் கப்பலோட்டும் நூலில் இந்த முறையை விவரித்திருக்கிறார்.

வேலைக்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். கால்வட்டமாக அறுத்த பலகையின் வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்திருக்கும். அதனால் அது நீரில் செங்குத்தாக நின்று, இழுத்த இழுப்புக்கு வராது. அதில் கட்டிய, முடிச்சுகள் போட்ட கயிற்றின் உருளையை ஒருவர் உயர்த்திப் பிடிப்பார், இன்னொருவர் மணல் கடிகாரத்தைக் கவிழ்ப்பார், மூன்றாமவர் கையில் கயிறு சரசரவென ஓடும். 28 விநாடியில் மணல் தீர்ந்ததும் கயிற்றை நிறுத்தி முடிச்சுகளை எண்ணுவார்கள். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். ஐந்து முடிச்சு ஓடினால் வேகம் ஐந்து நாட், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல். எத்தனை நேர்த்தியான கணக்கு!

அந்த எண்ணிக்கையை ஓர் எழுதுபலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி, பிறகு புத்தகத்தில் ஏற்றினார்கள். அதுதான் லாக் புக். காற்று, திசை, நோய், சாவு எல்லாம் அதில் ஏறின.

கரைக்கு வந்த சொல், பதிவேட்டில் எழுதுவதையே குறிக்கத் தொடங்கியது. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பத்தோ குழு, பலர் ஒரே கணினியைப் பகிரும் அமைப்பை இயக்கிக் காட்டியது. யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. உள்ளே நுழையும் கட்டளைக்கு 'லாக் இன்' என்றே பெயர். அந்த அமைப்பு கடவுச்சொல்லும் கேட்டது. 1962-இலேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கூடுதல் கணினி நேரத்துக்காக எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துவிட்டார்.