பங்காளி என்றால் பாகம் எங்கே?

சுரங்கக் கம்பெனிகள் கூடிய மாநாடு ஒன்றுக்குப் பெங்களூர் போயிருந்தேன். பெரிய ஓட்டல். 'பொறுப்பான சுரங்கத் தொழிலும் சமூகப் பங்காளிகளும்' என்பது தலைப்பு. வாசலில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். மற்றவர்கள் அட்டையில் பேருக்குக் கீழே பதவியும் கம்பெனியும் இருந்தன. என் பேருக்குக் கீழே 'சமூகம்' என்று மட்டும் போட்டிருந்தது. எந்தச் சமூகம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நம்ம ஊர்ப் பக்கம் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான்.

அரங்கத்துக்கு வெளியே படங்கள் மாட்டியிருந்தார்கள். ஒன்றில் கோலார் தங்கவயல். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம், 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த இடம் என்று கீழே எழுதியிருந்தது. எழுதியது உண்மைதான். ஆனால் அந்த ஆழத்தில் இறங்கியவன் யார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. என் தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இறங்கியவர். விட்டுப்போன அந்த வரியை நாமதான் எழுதணும்.

1880களில் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. மைசூர் சமஸ்தானத்துக்கு ராயல்டி போனது. ஆள் போனது வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும். அவர்களில் பெரும்பகுதி பறையர்கள். பண்ணையாளாக நெல்லுக்கு உழைத்துக் கிடந்த சனம், காசாகக் கூலி கிடைக்கும் என்று கிளம்பிப் போனது. மூங்கில் தட்டி வீட்டில் குடியிருந்தார்கள். உள்ளே பாறை திடீரென வெடித்துச் சரியும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். "கூண்டு மேல வந்தாத்தான்டா அன்னிக்கு உசிரு நம்மது" என்று தாத்தா சொல்லுவார். கல் தூசி நுரையீரலில் படிகிற சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதலில் பதிவானது கோலார் தங்கவயலில் என்று மருத்துவ மாணவர்களின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தொழிலாளியின் நெஞ்சு அப்படித்தான் பாடத்தில் ஏறியது.

அழுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த சனம் அங்கே வேறொன்றும் செய்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையைத் தங்கவயல் தொழிலாளர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கம் கட்டினார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். 1920களில் 'தமிழன்' தங்கவயலிலிருந்தே மறுபடி வந்தது, ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பகலில் பாதாளத்தில் கல் உடைத்தவன் ராத்திரி விளக்கடியில் சாதியைக் கேள்வி கேட்டான். நம்முடைய அறிவு வரலாற்றின் ஒரு பெரிய அத்தியாயம் அந்த லைன் வீடுகளில் எழுதப்பட்டது.

1930இல் தொழிலாளிகளின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்ய ஏற்பாடு வந்தது. ரேகை வைக்க நாங்க என்ன திருடங்களா என்று வேலையை நிறுத்தினார்கள். கூலி கேட்டுப் பண்ணின வேலைநிறுத்தம் பல உண்டு; இது மானத்துக்காகப் பண்ணினது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். இந்தத் தேதிகள் எதுவும் மாநாட்டுப் படங்களில் இல்லை.

1956இல் சுரங்கங்கள் அரசு கைக்கு வந்தன. 2001இல் மூடினார்கள். 120 வருஷத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். மிச்சம் நிற்பது சயனைடு மண்மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல். காற்றடிக்கிற மாசத்தில் அந்தத் தூசி லைன் வீட்டுச் சோத்துச் சட்டி வரைக்கும் வரும். இப்போது அந்த மண்ணிலும் தங்கம் இருக்கிறதாம். மேடுகளை ஏலம் விட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டது. சமூகப் பங்காளி என்ற வார்த்தைக்கு இப்போது ஏன் இவ்வளவு கிராக்கி என்று எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது விளங்கியது.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "எங்க ஊர்ல பங்காளின்னா பாகம் உள்ளவன். பாகம் தரலேன்னா பங்காளி கோர்ட்டுக்குப் போவான். மண்ணை மறுபடி கிளறினா லைன் வீட்டுக்காரனுக்கு என்ன பாகம்? வீட்டுப் பட்டாவா, வேலையா, வைத்தியமா?" என்று கேட்டேன். நல்ல கருத்து, குறித்துக்கொள்கிறோம் என்றார் மேடையில் இருந்தவர். அப்புறம் சாப்பாட்டு இடைவேளை.

காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த பையன் கிட்டே வந்தான். "எந்த லைனுண்ணா நீங்க?" என்று தமிழில் கேட்டான். மாரிகுப்பத்திலிருந்து தினம் ரயிலில் வந்து போகிறவனாம். அவனைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அவன் தாத்தாவும் சுரங்கத்தில் இறங்கியவர். எந்த வருஷம், எந்த சாப்ட் என்று அவனுக்குத் தெரியவில்லை.

தோழர்களே, ஏலம் முடிவதற்குள் அந்த லைன்களுக்குப் போவோம். பழைய சம்பளச் சீட்டு, சங்க ரசீது, பத்திரிகைக் கட்டு, கிழவிகளின் பேச்சு எல்லாவற்றையும் சேகரிப்போம். பாகம் கேட்கிறவனிடம் முதலில் பத்திரம்தான் கேட்பார்கள்.