ஆட்டத்தின் நிலையும் திரையின் படமும்: பார்வையற்றோருக்கான விளையாட்டு மென்பொருள் குறித்துத் தமிழ்ச் சூழலிலிருந்து ஒரு வாதம்

பார்வையற்றோர் ஆடும் சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் வெள்ளைக் கட்டங்களைவிடச் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை இருக்கும். காயின் அடியில் அதில் பொருந்தும் முளை இருக்கும். கறுப்புக் காய்களை விரலால் அறியத் தனி அடையாளமும் உண்டு. பார்வையற்ற இருவர் மோதினால் ஆளுக்கொரு பலகை கட்டாயம். ஒருவர் தம் நகர்த்தலை உரக்கச் சொல்வார்; மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லித் தம் பலகையிலும் நகர்த்துவார். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் காதில் ஒன்றோடொன்று குழம்பும் என்பதால் வரிசைகளை அன்னா, பெல்லா, சீசர், டேவிட் என்று அழைப்பார்கள். இவை யாவும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிநூலில் உள்ளவை. எதிரில் அமர்ந்திருப்பவர் பார்வையுள்ளவர் என்றாலும் இரண்டு பலகை கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு.

இவ்வளவு மாற்றத்திலும் ஆட்டத்தின் கடினம் இம்மியும் குறையவில்லை. ராஜாவுக்கு யாரும் கூடுதல் உயிர் தரவில்லை. நேரக் கடிகாரமும் அப்படியே ஓடுகிறது. மாறியது ஒன்றுதான்: ஆட்டத்தின் நிலையை அறியும் வழி. சதுரங்கம் என்பது விதிகளும் காய்களின் நிலையுமே. பலகையின் தோற்றம் அந்த நிலையைத் தெரிவிக்கும் பல வழிகளில் ஒன்று. கணினி, கைபேசி விளையாட்டுகளை அணுகத்தக்கவையாக்கும் முயற்சி முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழில் அதற்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது உலகம் முழுவதற்கும் பொதுவானது. இரண்டாவது நம் எழுத்து முறையிலிருந்து எழுவது.

முதல் தடையை விளக்கத் திரைவாசிப்பான் வேலைசெய்யும் முறையைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கி ஜேம்ஸ் டேவுடன் சேர்ந்து வளர்த்த கட்டற்ற மென்பொருளான என்.வி.டி.ஏ. கணினியில் திரையை வாசிக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் அதே பணியைச் செய்கிறது. இவை திரையைப் 'பார்ப்பதில்லை'. சாதாரணச் செயலி ஒன்று தன் பொத்தான்களையும் பட்டியல்களையும் இயங்குதளம் தரும் உறுப்புகளைக் கொண்டு கட்டுகிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர், வகை, நிலை ஆகியவை இயங்குதளத்திடம் பதிவாகின்றன. திரைவாசிப்பான் அந்தப் பதிவைப் படித்துச் சொல்கிறது. விளையாட்டோ இப்படிக் கட்டப்படுவதில்லை. கேம் என்ஜின் எனப்படும் அடிப்படை மென்பொருள் முழுத் திரையையும் தானே வண்ணப் புள்ளிகளாக வரைகிறது. இயங்குதளத்துக்குத் தெரிவது பெயரற்ற ஒரே செவ்வகம். அதனால்தான் வங்கிச் செயலியில் சரளமாகப் பேசும் டாக்பேக் விளையாட்டின் முதல் பக்கத்திலேயே வாயடைத்துப் போகிறது. 'ஆட்டம் தொடங்கு' என்ற பொத்தான் எங்கே என்றுகூடத் தெரியாதவரிடம் அந்த ஆட்டம் அவருக்குக் கடினமா எளிதா என்று விவாதிப்பதில் பொருளில்லை.

இந்தத் தடை அண்மையில்தான் அடித்தளத்திலேயே அசையத் தொடங்கியது. யூனிட்டி என்ஜின் தன் ஆறாம் பதிப்பு வெளிவந்த காலத்தில் கைபேசித் திரைவாசிப்பான்களோடு பேசும் வசதியைச் சேர்த்தது. கட்டற்ற என்ஜினான கோடோ, 2025 செப்டம்பரில் வந்த 4.5 பதிப்பில், ஆக்சஸ்கிட் என்ற நூலகத்தின் வழியே திரைவாசிப்பான் ஆதரவைத் தந்தது. இதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் செலவில் தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருந்த வேலை இது. 2020இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் 60க்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளோடு வந்தது. பட்டியல்களை வாசித்துக் காட்டும் குரல், வழிகாட்டும் ஒலி, எதிரி இருக்கும் திசையைச் சொல்லும் ஒலி ஆகியவை அவற்றில் அடக்கம். 2023இல் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' கார்ப் பந்தயத்தில் வளைவு நெருங்குவதையும் வண்டி பாதையின் ஓரத்துக்கு ஒதுங்குவதையும் ஒலிகளே உணர்த்தின. பார்வையற்ற விளையாட்டாளரான பிராண்டன் கோல் அதன் உருவாக்கத்தில் ஆலோசகராக இருந்தார். அதே ஆண்டின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' எதிராளி நிற்கும் தொலைவையும் அடி விழும் உயரத்தையும் ஒலியால் பிரித்துக் காட்டியது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1997இல், ஜப்பானில் கென்ஜி எனோ படமே இல்லாத 'ரியல் சவுண்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டார். ஆக, சாத்தியமா என்ற கேள்வி கால் நூற்றாண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்து விவரித்துவிடுமே, என்ஜினைத் திருத்துவானேன் என்று கேட்பார்கள். அசையாத பக்கத்துக்கு அது ஓரளவு உதவும். ஓடும் ஆட்டத்தில் விவரணை வந்து சேர்வதற்குள் பந்து ஸ்டம்பைப் பெயர்த்திருக்கும். தவிரவும், எதிரி எங்கே நிற்கிறான், கையில் எத்தனை காய் மிச்சம் என்பதெல்லாம் மென்பொருளுக்குள் துல்லியமான எண்களாகவே இருக்கின்றன. அவற்றைப் படமாக்கி, பிறகு அந்தப் படத்தை இன்னொரு பொறியைக் கொண்டு ஊகிக்கவைப்பது வீண் சுற்று.

இரண்டாவது தடையை இத்துறை பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் அரிதாகவே காணலாம். 'கெ' என்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்க்கு இடப்பக்கம் நிற்கிறது. யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. 'கொ' என்றால் குறி இருபுறமும் பிரிந்து நிற்கும். சேமித்த வரிசையைக் கண்ணுக்குரிய வரிசையாக மாற்ற ஒரு வடிவமைப்புப் படி தேவை. உலாவிகளில் அது நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் யூனிட்டியில் பெரிதும் பயன்பட்டுவந்த 'டெக்ஸ்ட்மெஷ் புரோ'வில் அது இல்லை. எனவே தமிழ் விளையாட்டு செய்ய முனைபவர் சொற்கள் உடைந்து தெரிவதைப் பார்த்துவிட்டு இரண்டு குறுக்குவழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார். எழுத்தைப் படமாக ஒட்டுகிறார். அல்லது பாமினி போன்ற பழைய குறியேற்றத்துக்குத் திரும்புகிறார். கண்ணுக்கு இரண்டும் சரியாகவே தெரியும். திரைவாசிப்பானுக்கோ முதலாவதில் எதுவுமே கிடைக்காது. இரண்டாவதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் கிடைக்கும். என்ஜின் திரைவாசிப்பானோடு பேசக் கற்றுக்கொண்ட பிறகும் தமிழ் விளையாட்டு ஊமையாகவே இருக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது. கோடோவின் நான்காம் தலைமுறை ஹார்ஃப்பஸ் நூலகத்தைக் கொண்டு தமிழைச் சரியாக அடுக்குகிறது. இரு தடைகளையும் ஒருசேர நீக்கும் கட்டற்ற கருவி கையில் இருக்கும்போது தமிழில் புதிதாகத் தொடங்குவோர் அதிலிருந்தே தொடங்குவது நல்லது என்பது என் துணிபு.

குரல் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வகமும், சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி வழிநடத்திய குழுவும் இயல்பான தமிழ்ப் பேச்சொலியை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. கதை கேட்க அந்த இயல்பு அருமையானது. ஆட்டத்தின் தேவை வேறு. பழகிய பயனர்கள் திரைவாசிப்பானை மிக வேகமாக ஓடவிட்டுக் கேட்பவர்கள். அந்த வேகத்திலும் மெய்யெழுத்து தேயாமல், விசையை அழுத்திய கணமே ஒலிக்கிற குரல்தான் விளையாட்டுக்கு உகந்தது. இயந்திரத்தனமாக ஒலிக்கும் ஈஸ்பீக் என்ற பேச்சொலி மென்பொருளைப் பலர் விட மறுப்பதன் காரணம் இதுவே.

பார்வைக் குறைபாடு முழு இருட்டு மட்டுமன்று என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையைத் தனியாக வரையறுக்கிறது. குறைபார்வை உடையோருக்குக் குரலைவிடப் பெரிய எழுத்தும் அழுத்தமான நிறவேறுபாடும் வேண்டும். கைபேசியின் எழுத்தளவைக் கூட்டினால் பிற செயலிகள் கீழ்ப்படிகின்றன. விளையாட்டு மட்டும், தானே வரைவதால், அசைந்துகொடுப்பதில்லை.

அந்தச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்ப அணுகலைக் கோருகிறது. மின்னணுப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரநிலை உள்ளது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக நிற்கலாகாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில் மின்னணு அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துப் படித்தது. இந்தியா 2007இல் ஏற்ற, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு விளையாட்டில் சமபங்கு தருகிறது. இவ்வளவு இருந்தும் விளையாட்டு மென்பொருள் கேளிக்கை என்று ஒதுக்கப்படுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த இணையவழி விளையாட்டுச் சட்டம் பண ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டையும் சமூக விளையாட்டையும் ஊக்குவிப்பதாகச் சொல்கிறது. அந்த ஊக்குவிப்பைப் பெறும் ஒவ்வொரு விளையாட்டும் திரைவாசிப்பானில் இயங்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்காது.

நம் மரபு ஆட்டங்களை எண்ணும்போது வருத்தம் கூடுகிறது. 14 குழிகள் கொண்ட பல்லாங்குழியை விரலே எண்ணிவிடும். சோழி விழும் ஓசை எந்தக் குழி என்று சொல்லிவிடும். தாயக்கட்டையின் புள்ளிகள் பித்தளையில் குழிந்திருப்பதால் உருண்டு நின்றதைத் தடவியே படிக்கலாம். பார்வையற்ற பாட்டியும் பேத்தியும் திண்ணையில் சமமாக ஆடக்கூடிய இவற்றைத் திரைக்கு மாற்றும்போது படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தொடுதலையும் ஓசையையும் விட்டுவிட்டால், அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததைப் பறித்தவர்களாவோம்.

இந்த ஆட்டங்களை அணுகத்தக்க மென்பொருளாக்கும் வேலையைத் தொடங்க ஏற்ற இடம் சென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டம். தேசியப் பார்வை மாற்றுத்திறனாளர் நிறுவனத்தின் மண்டல மையமும், பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் பூந்தமல்லியில் உள்ளன. நிதிக்கும் வழி உண்டு: அதே மாவட்டத்தின் கடலோரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளும் இயங்குகின்றன. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 135ஆம் பிரிவில், பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் கல்வியும் திறன் வளர்ச்சியும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளன.

அத்தகைய விளையாட்டுகளை உருவாக்கத் துறைமுகம் கட்டும் செலவு தேவையில்லை. நிரலாளர் சிலரும், ஊதியம் பெறும் பார்வையற்ற சோதனையாளர்களும் போதும். பல்லாங்குழியையும் தாயத்தையும் கோடோவில், யூனிகோடு தமிழில், குரலும் அதிர்வும் சேர்த்து உருவாக்கி, மூலநிரலைப் பொதுவில் வைத்தால் அடுத்து வரும் தமிழ் விளையாட்டுகள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். சோதனையாளர்கள் முதல் நாளிலிருந்தே குழுவில் இருக்க வேண்டும். விளையாட்டு முடிந்தபின் கருத்துக் கேட்கக் கூப்பிடுவது பயன்தராது. காட்டுப்பள்ளியிலும் கும்மிடிப்பூண்டியிலும் சமூகப் பொறுப்பு நிதியை ஒதுக்கும் பொறுப்பில் இருப்போர் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டும்.