டாக்டர் பாலு சங்கரன்: அறுவை அறைக்கு வெளியே ஒரு பணி

நம்மவர் மத்தியில் ஒரு பெரியவரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "எந்த கிராமம்?" என்பதுதான். கல்பாத்தியா, நூரணியா என்று தெரிந்துகொண்ட பிறகே படிப்பு, உத்தியோகம், பிள்ளைகள் எல்லாம். ஓய்வு பெற்ற டாக்டர்களைக் கௌரவிக்கும் கூட்டங்களிலும் இதே வரிசைதான். பட்டங்களைப் படிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், காபி வரும். அவர் ஓய்வு பெற்ற பிறகு எது நிலைத்து நின்று வேலை செய்கிறது என்ற விஷயத்துக்கு வரும்போது நேரம் முடிந்துவிடும்.

அந்தக் கடைசிக் கேள்வியை முதல் கேள்வியாக வைத்துப் பார்க்கத் தகுந்தவர் டாக்டர் பாலு சங்கரன். 1926-ல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, நியூயார்க்கிலும் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றார். அங்கேயே தங்கிவிடாமல் திரும்பி வந்து மணிப்பாலிலும், பின்னர் டில்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியிலும் பேராசிரியராக இருந்தார். அதன்பின் டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் இயங்கிய மத்திய எலும்பியல் நிலையத்துக்குத் தலைமை ஏற்றார். இத்துடன் நிறுத்தினாலே ஒரு பாராட்டு மடலுக்குப் போதும். ஆனால் அவருடைய பெரிய காரியம் அறுவை அறைக்கு வெளியே நடந்தது.

அதைப் புரிந்துகொள்ள இளம்பிள்ளை வாதம் என்ன செய்கிறது என்று சற்றுப் பார்க்க வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். தெருவுக்கு ஒரு குழந்தையாவது காலில் இரும்புப் பட்டை கட்டி, 'டக் டக்' என்று நடந்து பள்ளிக்கூடம் போன காலம் அது. போலியோ கிருமி முதுகுத் தண்டில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைத் தாக்குகிறது. உணர்ச்சி போவதில்லை, தொட்டால் தெரியும், கிள்ளினால் வலிக்கும். தசை மட்டும் சூம்பிவிடும். ஒரு பக்கத் தசை பலமாகவும் மறுபக்கத் தசை பலவீனமாகவும் இருப்பதால், குழந்தை வளர வளர எலும்பும் மூட்டும் கோணிக்கொள்கின்றன.

இதில் அறுவை நிபுணர் செய்யக்கூடியது என்ன? சுருங்கிய தசைநாரை நீட்டலாம், ஒரு நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தலாம், கோணிய எலும்பை நிமிர்த்தலாம். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை நடக்க வேண்டுமானால் கேலிப்பர் வேண்டும், அதோடு இணைந்த பூட்ஸ் வேண்டும், ஊன்றுகோல் வேண்டும். குழந்தை வளரும்போது இவை சிறிதாகிவிடும். மறுபடி அளவெடுத்து மாற்ற வேண்டும். அறுவை சிகிச்சை ஒரு முறையோ இரண்டு முறையோ. கேலிப்பர் ஆயுள் முழுவதும்.

அப்படியானால் அந்தக் கேலிப்பரை யார் செய்வது? சுதந்திரம் வந்த முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இதற்குச் சரியான விடை இல்லை. புனேயில் 1944-ல் தொடங்கிய ராணுவத்தின் செயற்கை அவயவ நிலையம் இருந்தது. பெரிய ஊர் மருத்துவமனைகள் சிலவற்றில் பட்டறைகள் இருந்தன. ஒவ்வொரு பட்டறையும் தன் கணக்கில் செய்யும். ஒரு பட்டறையின் மூட்டு இன்னொன்றின் பட்டையில் பொருந்தாது. திருகு ஒன்று உடைந்தால், செய்த இடத்துக்கே போக வேண்டும். பாலக்காட்டுக் குழந்தைக்கு சென்னையில் செய்த கேலிப்பர் என்றால், பழுது பார்க்கவும் சென்னைதான்.

இந்த இடத்தில்தான் அறுவை நிபுணரான பாலு சங்கரன் தொழிற்சாலையைப் பற்றி யோசித்தார். 1972-ல் கான்பூரில் மத்திய அரசின் செயற்கை அவயவ உற்பத்திக் கழகம் (சுருக்கமாக அலிம்கோ) நிறுவப்பட்டது. லாப நோக்கமில்லாத நிறுவனமாகவே அது பதிவு செய்யப்பட்டது. 1976-ல் உற்பத்தி தொடங்கியது. இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அவர். முழங்கால் மூட்டு, பக்கப் பட்டை, கணுக்கால் இணைப்பு என்று ஒவ்வொரு பாகமும் ஒரே அளவுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கில் தயாராகி நாடெங்கும் போகும். உள்ளூர்ப் பட்டறைக்காரர் நோயாளியின் காலுக்கு ஏற்ப வளைத்துப் பொருத்தினால் போதும். கேட்கச் சிறிய விஷயம். நடக்க முடியாதவருக்கு இது எவ்வளவு தூரத்தை மிச்சப்படுத்தியது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பாகம் வந்தால் போதுமா? பொருத்தத் தெரிந்த ஆள் வேண்டாமா? ஒரிஸ்ஸாவில் கட்டாக்கை அடுத்த ஒலட்பூரில் 1975-ல் அலிம்கோவின் துணை அமைப்பாக ஒரு மறுவாழ்வுப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. இதிலும் அவருடைய பங்கு பெரிது. பிற்பாடு அது தனி நிறுவனமாகி, இன்று சுவாமி விவேகானந்தர் பெயரால் தேசிய நிலையமாக இயங்குகிறது. பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை, செயற்கை அவயவம் செய்தல் ஆகியவற்றில் அங்கே பட்டப்படிப்புகள் உண்டு. ஒரு கையில் தொழிற்சாலை, மறு கையில் பள்ளிக்கூடம். இரண்டையும் சேர்த்து யோசித்ததுதான் அவருடைய தீர்க்கதரிசனம் என்பேன்.

அவர் தனியாக நின்று இதையெல்லாம் சாதித்தார் என்று சொல்வது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். அதே காலத்தில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திராவும் சேர்ந்து, சம்மணமிட்டு உட்காரவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் ஏற்ற ரப்பர் பாதத்தைக் கொடுத்தார்கள். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார், கொச்சியில் பிறந்தவர். 1954-ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமாக இருந்தார். மேரி வர்கீஸுக்கும் பாலு சங்கரனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது ஒரே ஆண்டில், 1972-ல். ஒருவர் நோயாளியின் பக்கத்திலிருந்தும், மற்றவர் நாட்டின் நிர்வாகத்திலிருந்தும் ஒரே வேலையைச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1970-களின் பிற்பகுதியில் மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் பொறுப்பும், 1980-களில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தன. அதன்பின் மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் வயதில், டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையில் மீண்டும் நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தார். 2007-ல் பத்மவிபூஷண். 2012 ஜூனில் காலமானார். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவான ஒரு குழந்தை. 2012 பிப்ரவரியில் போலியோ நிலைத்திருக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியாவின் பெயர் நீக்கப்பட்டது. எந்த நோயின் விளைவுகளோடு ஆயுள் முழுவதும் மல்லுக்கு நின்றாரோ, அந்த நோய் நாட்டை விட்டுப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நோய் போனாலும் நோயுற்றவர்கள் இருக்கிறார்கள். அன்று கேலிப்பர் கட்டிய குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். நல்லபடியாக இருந்த தசைகளிலும் பல ஆண்டுகள் கழித்துப் புதிதாகப் பலவீனம் வருவதுண்டு. போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று டாக்டர்கள் சொல்வார்கள். கழற்றி வைத்த கேலிப்பரை மறுபடி கட்ட வேண்டிவரும். சர்க்கரை வியாதியாலும் சாலை விபத்தாலும் காலை இழப்பவர்கள் வேறு. 1981 முதல் மத்திய அரசின் உதவிச் சாதனத் திட்டம் இருக்கிறது. குறைந்தது நாற்பது சதவீத ஊனம் என்ற சான்றும் வருமானச் சான்றும் இருந்தால் முகாம்களில் இலவசமாகவோ சலுகையிலோ சாதனம் பெறலாம். தெரியாமலே இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. வீட்டு வேலைக்கு வருபவர், கோயில் வாசலில் பூக்கட்டுபவர் என்று யாருக்காவது தேவை இருந்தால், விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதே ஒரு கைங்கர்யம்.

இடத்துக்கேற்ற சாதனம் என்பதையும் மறக்கக்கூடாது. பாலக்காட்டுச் சமவெளியில் மூன்று சக்கர வண்டி சுகமாக ஓடும். இடுக்கி மலைச்சரிவில், மூணாறு தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்கு அதனால் என்ன பிரயோசனம்? அங்கே நல்ல கேலிப்பரும் வழுக்காத ஊன்றுகோலும்தான் கால்கள்.

நம் கிராமத்து வீடுகளையும் பாருங்கள். வாசலில் படி, மேலே திண்ணை, அதைத் தாண்டி உயர்ந்த வாசற்படி. அழகுதான். கேலிப்பர் கட்டியவருக்கு ஒவ்வொன்றும் ஒரு மலை. வீட்டை மாற்றுவது சுலபமில்லை. பொது இடத்தை மாற்றலாம். நம் கிளைகளின் கல்யாண மண்டபங்களிலும் சமூகக் கூடங்களிலும் சாய்தளம் உள்ளவை எத்தனை? கைப்பிடி வைத்த கழிவறை எத்தனை? ஒவ்வொரு கிளைச் செயலாளரும் அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கணக்கைச் சொல்லட்டும். ஓர் எலும்பு டாக்டருக்கு நாம் போர்த்தக்கூடிய மிக நல்ல பொன்னாடை, சிமெண்டில் போட்ட ஒரு சாய்தளம்தான்.