எரிந்த லிட்டரே அளவுகோல்: நிறுவனக் கார்களைப் பசுமையாக்கும் வரிக்கொள்கைகள் குறித்து

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகும் கார்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன. மூன்று நான்கு ஆண்டுகள் ஓடியபின் அவை பழைய கார்ச் சந்தைக்கு வந்து சேர்கின்றன. நடுத்தரக் குடும்பம் நாளை எந்த வண்டியை வாங்கும் என்பதை இன்று நிறுவனங்களின் கொள்முதல் அலுவலர்களே பெருமளவு முடிவு செய்கிறார்கள். ஆகவே நிறுவனக் கார்மீதான வரி, நாட்டின் மொத்த எரிபொருள் செலவையே வளைக்கக்கூடிய கருவி. அந்தக் கருவியை ஐரோப்பிய அரசுகள் கடந்த இருபதாண்டுகளில் காரின் சான்றிதழில் அச்சிட்ட உமிழ்வு எண்ணோடு கட்டிவைத்தன. ஓட்டுபவரின் அன்றாடத் தெரிவுக்கு இடங்கொடுக்கும் வண்டிகளில் இந்த முறை தோற்றுவிட்டது. உண்மையில் எரிந்த லிட்டரை அளந்து, அதற்கு யார் பணம் கொடுக்கிறார் என்பதைத் திருத்தினாலன்றி எரிபொருள் குறையாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பிரிட்டன். அங்கே 2002 ஏப்ரலுக்கு முன்பு, பணியாளர் அலுவலுக்காக எவ்வளவு தூரம் ஓட்டினாரோ அந்த அளவுக்கு வரி குறைந்தது. ஆண்டுக்கு 2,500 மைலுக்குக் கீழ் ஓட்டியவருக்குக் காரின் பட்டியல் விலையில் 35 விழுக்காடு வருமானமாகக் கணக்கிடப்பட்டது. 18,000 மைலைத் தொட்டவருக்கு 15 விழுக்காடு போதும். நிதியாண்டின் கடைசி வாரங்களில் தேவையின்றி ஓட்டி அந்த எல்லையைத் தொடுவது அவருக்கு லாபம். அரசே பெட்ரோலை எரிக்கச் சொல்லிக் கூலி கொடுத்ததற்கு ஒப்பான ஏற்பாடு இது. 2002-இல் இது ஒழிக்கப்பட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்பதே வரியின் அடிப்படையாயிற்று. 165 கிராம் வரை 15 விழுக்காடு. அதற்குமேல் படிப்படியாக 35 வரை. தூரத்துக்குத் தந்த பரிசு போனது மெய்யான நன்மை. அதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் புதிய அளவுகோல் ஒரே வாயுவைத்தான் பார்த்தது. டீசலுக்கு 3 விழுக்காடு கூடுதல் வரி இருந்தும், கணக்கு டீசலுக்கே சாதகமாக விழுந்தது. 2000-இல் பிரிட்டனின் புதிய கார்களில் ஏழில் ஒன்றாக இருந்த டீசல், 2011-இல் பாதியைத் தாண்டியது. அதற்கு நிறுவன வரி மட்டுமே காரணமன்று; முக்கியக் காரணங்களுள் அதுவும் ஒன்று. டீசல் கக்கிய நைட்ரஜன் ஆக்சைடுகளின் விலையை நகரவாசிகளின் நுரையீரல் கொடுத்தது. சான்றிதழ் எண்ணின் தகுதியும் தேய்ந்துகொண்டே வந்தது: ஆய்வகத்துக்கும் சாலைக்கும் இடையே 2001-இல் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த இடைவெளி, 2015-க்குள் 40 விழுக்காட்டை எட்டியது.

இந்த இடைவெளி முழு உருவில் வெளிப்பட்டது, மின்னூட்டியும் ஓட்டலாம், பெட்ரோல் போட்டும் ஓட்டலாம் என்ற பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகளில்தான். நெதர்லாந்தில் அப்போது சாதாரண நிறுவனக் காருக்கு விலையில் 25 விழுக்காடு பணியாளரின் வருமானத்தில் சேர்ந்தது. 50 கிராமுக்கு மிகாத கார்களுக்கு 2013 இறுதிவரை அது பூஜ்யம். 2014 முதல் ஹைப்ரிடுகளுக்கு 7 விழுக்காடு. 2013 இறுதிக்குள் பதிவுசெய்ய நிறுவனங்கள் முண்டியடித்தன. சுமார் 1,800 கிலோ எடையுள்ள மிட்சுபிஷி அவுட்லேண்டர், காகிதத்தில் 44 கிராம் என்ற தகுதியோடு நாட்டின் மிக அதிகம் விற்ற கார்களுள் ஒன்றானது. வாங்கியவர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டம் கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

சாலையில் நடந்தது வேறு. தூய்மைப் போக்குவரத்துக்கான சர்வதேச மன்றமும் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனமும் ஐரோப்பாவின் சுமார் 9,000 வண்டிகளைக் கொண்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. ஓடும் தூரத்தில் 70 முதல் 85 விழுக்காடு மின்சாரத்தில் ஓடும் என்று சான்றிதழ் கருதிக்கொள்கிறது. சொந்தக்காரர்கள் 45 முதல் 49 விழுக்காடு வரை அப்படி ஓட்டினார்கள். நிறுவனக் கார்களில் அது 11 முதல் 15 விழுக்காடுதான். நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 1.7 லிட்டர் என்று எழுதியிருந்த இடத்தில், நிறுவனக் கார் சராசரியாக 8 லிட்டர் குடித்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதாவது கிலோமீட்டருக்கு 180 கிராமுக்கு மேல். பிரிட்டன் 2002-இல் மிகக் குறைந்த வரிக்கு வைத்த எல்லையைவிட அதிகம். ஒன்று சாலைக் கணக்கு, மற்றது ஆய்வகக் கணக்கு என்ற வேறுபாட்டை மனத்தில் கொண்டாலும், இருபதாண்டுச் சலுகைகளின் விளைவு இதுவென்றால் கவலைப்படத்தான் வேண்டும்.

ஒரே வண்டி, ஒரே பேட்டரி. சொந்தக்காரர் கையில் ஒரு விதமாகவும் பணியாளர் கையில் வேறு விதமாகவும் நடப்பதேன்? நிறுவனக் கார்கள் நெடுந்தூரம் ஓடுவது ஒரு காரணம். எனினும் அதைவிட ஆழமானது பணம் போகும் வழி. பணியாளரிடம் நிறுவனத்தின் எரிபொருள் அட்டை இருக்கிறது. பெட்ரோல் அவருக்கு இலவசம். இரவில் வீட்டில் மின்னூட்டினால் அந்த மின்கட்டணம் பல இடங்களில் அவர் தலையில் விழுகிறது, அல்லது அதைத் திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கிறது. பசுமையாக நடப்பவருக்கு அபராதமும் நடக்காதவருக்குச் சலுகையும் தரும் ஏற்பாட்டில், நல்ல மனத்தை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது. 2018-இல் பிரிட்டனில் 1,500 ஹைப்ரிடுகளின் எரிபொருள் பதிவுகளைத் தொகுத்தபோது, காலனுக்குச் சுமார் 130 மைல் என்ற விளம்பரத்துக்கு எதிரே சுமார் 40 மைல்தான் கிடைத்திருந்தது. சில கார்களில் மின்னூட்டக் கம்பியை உறையிலிருந்து பிரிக்கவே இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சான்றிதழ் சார்ந்த வரியால்தானே முழு மின்கார்கள் பரவுகின்றன? பிரிட்டன் 2020-21-இல் அவற்றுக்கு விகிதத்தைப் பூஜ்யமாக்கியதும், 2021 நவம்பரில் இயற்றிய சட்டத்தால் பெல்ஜியம் 2026 முதல் உமிழ்வுள்ள புதிய நிறுவனக் கார்களுக்கான வரிக்கழிவை நிறுத்தியதும் பலன் தந்தவை. உண்மை. ஆனால் முழு மின்காரில் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் போடும் தெரிவே இல்லை. புகைக்குழாயைப் பொறுத்தவரை சான்றிதழ் பொய்யாக வழியில்லை. ஆகவே இந்த வெற்றி எனது வாதத்தை உறுதிப்படுத்துகிறது. அதே பெல்ஜியச் சட்டத்தின் இன்னொரு பிரிவு அதிகம் பேசப்படாதது: 2023 முதல் வாங்கும் ஹைப்ரிடுகளுக்குப் போடும் பெட்ரோல், டீசல் செலவில் பாதியைத்தான் கழிக்கலாம். வண்டியை விட்டுவிட்டு எரிபொருள் ரசீதின்மேல் கைவைத்த இந்தப் பிரிவையே மற்ற நாடுகள் முதலில் பின்பற்ற வேண்டும்.

அளப்பது கடினம் என்ற சாக்கு இனிச் செல்லாது. 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும், பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் ஒவ்வொரு புதிய காரிலும் எரிபொருள் நுகர்வைப் பதியும் கருவி உண்டு. அந்தத் தரவைக் கொண்டுதான் ஐரோப்பிய ஆணையம் 2024-இல், ஹைப்ரிடுகளின் சாலை உமிழ்வு சான்றிதழைப்போல் 3.5 மடங்கு என்று அறிவித்தது. 2025 முதல் புதிய மாதிரிகளுக்குச் சோதனைச் சூத்திரமும் கடுமையாகியிருக்கிறது. அது எண்ணைத் திருத்தும். ஓட்டுபவரின் நடத்தையைத் திருத்தாது. வேகக்கட்டுப்பாடு, சிறிய வண்டி, சிக்கன ஓட்டப் பயிற்சி எல்லாம் பயனுள்ளவையே. ஆனால் இலவச எரிபொருள் இருக்கும்வரை அவற்றால் கிடைப்பது சில்லறைதான்.

இந்தியாவுக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 3-ஆம் விதி, அலுவலுக்கும் சொந்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்து நிறுவனச் செலவில் ஓடும் காரின் மதிப்பை, எஞ்சின் 1.6 லிட்டர் வரை மாதம் 1,800 ரூபாய், அதற்குமேல் 2,400 ரூபாய் என்று நெடுங்காலம் வைத்திருந்தது. உமிழ்வும் கணக்கில் இல்லை, எரிந்த லிட்டரும் இல்லை. நமது வரிமுறையைப் பசுமையாக்குவோர் ஐரோப்பாவின் முதல் இருபதாண்டுகளை நகலெடுத்துத் தொடங்கத் தேவையில்லை. நிறுவனங்களின் நிதி அலுவலர்களோ சட்டம் மாறக் காத்திருக்கவும் வேண்டியதில்லை: எரிபொருள் ரசீதுகளும் ஓடிய கிலோமீட்டரும் அவர்கள் மேசையிலேயே இருக்கின்றன. அடுத்த காருக்குக் கையெழுத்திடுமுன் இப்போதுள்ள ஒவ்வொரு காரும் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் எரித்தது என்று கணக்கெடுங்கள். வீட்டில் மின்னூட்டும் பணியாளருக்கு அந்த மின்கட்டணத்தை அதே மாதச் சம்பளத்தோடு கொடுங்கள்.