புலவரை ஆற்றுப்படுத்தல்: அவை தேடிய தமிழ் முஸ்லிம் படைப்பாளர்கள்

தமிழ் இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை தனித்தன்மை வாய்ந்தது. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் காண்கிறான். தான் பெற்ற செல்வத்தை எடுத்துரைக்கிறான். அதனை ஈந்தவன் யார், அவன் ஊர் எங்குள்ளது, எவ்வழியே சென்றால் அடையலாம், வழியில் உணவு எங்குக் கிட்டும் என்றெல்லாம் கூறி அவனை அனுப்பி வைக்கிறான். பத்துப்பாட்டுள் சரிபாதியான ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. மன்னர் வரலாற்றுக்காகவும் நில வருணனைக்காகவும் இவற்றைக் கற்பதே நம் வழக்கம். ஆயினும் இவற்றின் அடிப்படையாக ஓர் அறம் இருக்கிறது. வழி அறிந்தவன் அதனைத் தன்னளவில் வைத்துக்கொள்ளலாகாது, பின்வருபவனுக்கும் சொல்ல வேண்டும் என்பதே அவ்வறம்.

இந்த அறத்தைப் புதிய காலத்திற்கேற்ப எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் முஸ்லிம் புலவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும். 1901-ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவரின் முயற்சியால் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டில் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் தோன்றிற்று. நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833 - 1908) இச்சங்கத்தை முன்னிறுத்திப் 'புலவராற்றுப்படை' என்னும் நூலை இயற்றினார். பழைய ஆற்றுப்படைகள் புலவரை ஒரு மன்னனிடம் அனுப்பின. நாவலரின் நூல் புலவரை ஒரு சங்கத்திடம் அனுப்புகிறது. புரவலன் இருந்த இடத்தில் அவை வந்து அமர்ந்துவிட்ட காலமாற்றம் இந்நூலின் அமைப்பிலேயே பதிவாகியுள்ளது.

எழுதியதை எங்கே கொண்டு சேர்ப்பது என்னும் வினா இன்றைய இளைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் வரலாறு முழுவதுமே, ஒரு கோணத்தில் நோக்கினால், அவை தேடிய வரலாறுதான். அதனைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உக்காழ் சந்தையும் மஸ்ஜிதுந் நபவியும்

அரபு இலக்கியம் பயில்வோர் உக்காழ் சந்தையை அறிவர். தாயிஃப் நகருக்கு அண்மையில் ஆண்டுதோறும் கூடிய அச்சந்தையில் வணிகத்தோடு கவிதையும் அரங்கேறியது. நாபிகா அத்துப்யானி என்னும் முதுபெரும் கவிஞருக்குச் செந்தோல் கூடாரம் ஒன்று அமைக்கப்படும். கவிஞர்கள் அவர் முன் வந்து தம் பாடல்களை ஓதித் தீர்ப்புப் பெறுவர். இன்றைய இலக்கியப் போட்டிகளுக்கும் நடுவர் முறைக்கும் இதனை முன்மாதிரி எனலாம். அங்கு ஹஸ்ஸான் இப்னு ஸாபித் தம் கவிதையை ஓதியபோது, மிகுதியைக் குறிக்கவேண்டிய இடத்தில் சிறு எண்ணிக்கையைக் குறிக்கும் பன்மைச் சொல்லை ஆண்டதை நாபிகா குறையாகச் சுட்டினார் என்றும், கன்ஸா அம்மையாரின் கவிதையைப் பாராட்டினார் என்றும் அரபு இலக்கிய நூல்கள் கூறுகின்றன.

உக்காழில் குறை கூறப்பெற்ற அதே ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்குப் பின்னாளில் மதீனாப் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கவி பாடச் செய்தார்கள் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) தம் கவிதையை ஓதியபோது நபியவர்கள் தம் போர்வையையே அவருக்குப் பரிசாக ஈந்தார்கள். இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. ஓர் அவையில் தாழ்ந்த படைப்பாளி மற்றோர் அவையில் உயரக்கூடும். படைப்பாளிக்கு இடமளிப்பது மார்க்கத்திற்குப் புறம்பான செயலும் அன்று.

அரங்கேற்றத்திற்கு அலைந்த புலவர்கள்

தமிழகத்தில் அச்சு பரவுமுன் நூலொன்று உலகறிய வேண்டுமாயின் அரங்கேறியாக வேண்டும். அதற்குக் கற்றோர் கூடிய அவை வேண்டும். அவையைக் கூட்டப் பொருளுடைய புரவலர் வேண்டும். இரண்டும் எளிதில் அமைவன அல்ல. ஆலிப் புலவர் 1590-ஆம் ஆண்டளவில் 'மிகுராசு மாலை'யை இயற்றினார். நபிகளாரின் விண்ணேற்றத்தைப் பாடும் அந்நூலை அரங்கேற்ற உதவுவாரின்றி அவர் வருந்தினார் என்றும், இறுதியில் கோட்டாற்றில் பாவாடைச் செட்டியார் என்னும் இந்துப் பெருமகன் முன்வந்து அரங்கேற்றம் நடைபெறச் செய்தார் என்றும் மரபுவழிச் செய்தி வழங்குகிறது. தன் சமயம் சாராத நூலுக்கும் அவை கூட்டித் தந்த அப்பெருமகனின் பெயர் நூலோடு சேர்ந்தே நினைக்கப்படுகிறது.

உமறுப் புலவரின் 'சீறாப்புராணம்' பிறந்த வரலாறும் இத்தகையதே. அந்நூல் உருவாகத் தூண்டுகோலாய் நின்றவர் வள்ளல் சீதக்காதி. நூல் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவு நல்கியிராவிடில் அக்காப்பியம் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். புலவரும் அந்நன்றியை மறவாது நூலகத்தே பல இடங்களில் அவரைப் போற்றியுள்ளார். அரங்கேறிய பின்னரும் நெடுங்காலம் ஏட்டுச் சுவடியாகவே உலவிய சீறாப்புராணத்தை 1842-ஆம் ஆண்டு அச்சேற்றியவர், 'புலவர் நாயகம்' எனப் போற்றப்பெறும் சேகப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஆவார். தாமே காப்பியங்கள் பாடவல்ல அப்புலவர் முன்னோரின் நூலைத் தேடி அச்சேற்றியதும் ஒருவகை ஆற்றுப்படைதான்.

இதழ்கள் அவையான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவை இடம் மாறியது. 1882-ஆம் ஆண்டு கண்டியில் அறிஞர் மு. கா. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885-இல் அவரது 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் தொடக்ககால நாவல்களுள் அதுவும் ஒன்று. 1887-இல் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' தோன்றியது. நாவலரும் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். செய்யுளையும் கட்டுரையையும் அஞ்சலில் அனுப்பிவிட்டு அச்சில் வருமா என்று காத்திருக்கும் வழக்கம் இவ்விதழ்களோடு நம் சமூகத்தில் வளர்ந்தது. அரங்கேற்றத்திற்குப் புரவலரைத் தேடியவர்கள் இப்போது ஆசிரியரின் முகவரியைத் தேடலாயினர்.

இருபதாம் நூற்றாண்டில் பா. தாவூத்ஷாவின் 'தாருல் இஸ்லாம்' தூய தமிழ்நடைக்கும் சீர்திருத்தச் சிந்தனைக்கும் களமாயிற்று. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டபோது உ. வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். முறையான பள்ளிக் கல்வி சிறிதே பெற்ற ஒரு முஸ்லிம் பெண்மணிக்குத் தமிழ்த் தாத்தாவின் மதிப்புரை எத்தகைய திறவுகோலாய் அமைந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் கல்வி கற்றவர். அவரது 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, பின் 1988-இல் நூலாயிற்று. 1997-இல் 'சாய்வு நாற்காலி'க்காக அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பெரிய பரிசுக்கு முன்னால் ஒரு சமூக இதழ் அவருக்கு வாயிலைத் திறந்து வைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1973-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆராய்ச்சி மாநாடு, சிதறிக் கிடந்த புலவர்களின் பெயர்களை ஓரிடத்தில் திரட்டிற்று. அதன்பின் நிகழ்ந்த மாநாடுகளும் ஆய்வாளர்களுக்கு அவையாயின.

நம் பள்ளத்தாக்கின் நிலை

இவ்வரலாற்றில் வரும் ஊர்களை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். நாகூர், பரங்கிப்பேட்டை, தேங்காய்ப்பட்டணம் ஆகியன கடற்கரைப் பட்டினங்கள். கப்பலும் வணிகமும் வந்த இடத்தில் அச்சகமும் புரவலரும் வந்தனர். மலைகள் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்ந்த இராவுத்தர் குடும்பங்களுக்கு அவ்வாய்ப்புக் குறைவு. ஆயினும் திறமை குறைந்திலது. கம்பம் பீர்முகம்மது பாவலர் விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக மேடையையே தம் அவையாகக் கொண்டு தேசியப் பாடல்களைப் பாடினார். 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியபின் உயர்கல்வி நம் வாயிலுக்கே வந்தது.

இம்மாவட்டத்தின் பெரியகுளத்தில் பிறந்த மு. மேத்தாவின் வாழ்வு நமக்கு நல்ல சான்று. புதுக்கவிதையை மக்களிடம் கொண்டு சென்ற வானம்பாடி இயக்கத்தில் அவர் இடம்பெற்றார். 1974-இல் வெளிவந்த 'கண்ணீர்ப் பூக்கள்' பல பதிப்புகள் கண்டது. ஆனந்த விகடனின் பொன்விழா வரலாற்று நாவல் போட்டியில் அவரது 'சோழ நிலா' முதற்பரிசு பெற்றது. 2006-இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. சிற்றிதழ், வெகுசன இதழின் போட்டி, அகாதெமி ஆகிய மூன்று அவைகளிலும் ஒருவரே ஏறமுடியும் என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டுவதில்லை.

எனினும், காமயகவுண்டன்பட்டியிலிருந்து நம்மிடம் ஓத வந்த மாணவர் ஒருவர், ஒரு நோட்டு நிறையக் கதைகளை எழுதி வைத்துக்கொண்டு, "ஹஜ்ரத், இவற்றை எங்கே அனுப்புவது?" என்று கேட்டார். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயலிலும் திராட்சைப் பந்தலடியிலும் உழைக்கும் மக்களைப் பற்றிய கதைகள் அவை. அவர் இதழ்களின் பெயர்கள் சிலவற்றை அறிந்திருந்தார். எந்த இதழ் எத்தகைய படைப்பை ஏற்கும் என்பதை அவருக்குச் சொல்வார் இல்லை. அதற்கு முன் ஒரு போட்டிக்கு நுழைவுக் கட்டணம் செலுத்திக் கதை அனுப்பியிருக்கிறார். தொகுப்பு நூலில் கதை இடம்பெற வேண்டுமாயின் பிரதிகள் இத்தனை வாங்கவேண்டும் என்று மறுமொழி வந்ததாம். பழங்காலத்தில் புரவலன் புலவனுக்குப் பொருள் ஈந்தான். புலவனிடமே பொருள் கேட்கும் புரவலனை எந்த ஆற்றுப்படையும் பாடவில்லை.

ஆற்றுப்படுத்துவார் கடமை

இன்று அவைகளுக்குக் குறைவில்லை. அச்சிதழ்களோடு இணைய இதழ்களும் பெருகியுள்ளன. அறக்கட்டளைகளும் அமைப்புகளும் போட்டிகள் நடத்துகின்றன. குறைவாயிருப்பது வழி சொல்வார்தான். இளைஞர்களுக்கு நாம் சொல்லத்தக்கவை சில உள. அனுப்புமுன் அவ்விதழின் பல பிரதிகளையேனும் படித்தல் வேண்டும். உக்காழின் நடுவரை அறியாது அங்கே பாடச் சென்றவர் இலர். ஒரே படைப்பை ஒரே வேளையில் பல இதழ்களுக்கு அனுப்பலாகாது. தம்மிடம் ஒரு படி வைத்துக்கொள்ளல் இன்றியமையாதது. போட்டியின் விதிகளில் நடுவர் யார், பதிப்புரிமை யாருக்கு, முந்தைய ஆண்டுகளில் பரிசு பெற்றவர் எவர் என்பவற்றை நோக்குதல் வேண்டும். திரும்பி வந்த படைப்பைக் கிழித்தெறியாது திருத்தி வேறிடம் அனுப்புதல் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. நம் மதரஸாக்களிலும் கல்லூரிகளிலும் ஊர் நூலகங்களிலும் ஒரு பதிவேடு வைக்கலாம். எந்த இதழ் எதனை ஏற்கிறது, எப்போட்டிக்கு எந்நாள் முடிவு, எது நம்பத்தக்கது, எது அன்று என்பனவற்றை அதில் குறித்து வரலாம். படைப்பு வெளிவந்த மாணவர், தாம் சென்ற வழியை அதிலே எழுதிச் செல்லட்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் அதனை ஒழுங்காக எழுதிவரும் ஒருவரும் போதும்.

நன்மைக்கு வழிகாட்டுபவருக்கு அதனைச் செய்தவருக்குரிய நற்கூலி உண்டு என்பது நபிமொழியின் கருத்து. அபுல்காசிம் மரைக்காயர் ஒரு செய்யுளும் பாடினாரில்லை. ஆயினும் சீறாப்புராணம் ஓதப்படும் இடமெல்லாம் அவர் பெயரும் ஓதப்படுகிறது. காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களில் நோட்டுக்குள்ளேயே உறங்கும் கதைகள் எத்தனை என்று நாம் அறியோம். அவற்றுக்கு அவையைக் காட்டுதல் நம்மால் இயலும். அதனைச் செய்யாது, நம் சமூகத்தில் எழுத்தாளர் அருகிவிட்டனர் என்று மேடைகளில் வருந்துவதில் பொருளில்லை.